எடைக்கு வந்த உம்மணாமூஞ்சி

பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதற்கென்று ஒரு படப் புத்தகம் இருக்கிறதாம். போன மாதம் எதிர்வீட்டு மருமகள் வாங்கி வந்து காட்டினாள். கோபத்துக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, எதைச் சொன்னாலும் நடக்காது, வராது என்கிற பிள்ளைக்கு ஒன்று. படத்தைக் காட்டிக் காட்டிப் பேசினால் பிள்ளையின் மனசு இளகுமாம். "உங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்கம்மா" என்றாள். வீட்டுக்கு வந்துதான் சிரித்தேன்.

என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு புத்தகம் இருந்தது. யாரும் வாங்கி வந்ததில்லை, எடைக்கு வந்தது. நான் வயசான பிறகு கற்றுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். இதையும் அப்படிக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். நீங்களும் அவசரமில்லாமல் படியுங்கள்.

மலை சுற்ற மாதா மாதம் சனம் வரத் தொடங்கியிருந்த காலம். அதற்கு முன்பெல்லாம் கார்த்திகை தீபத்துக்குத்தான் கூட்டம். பிறகு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஸ்பெஷல் பஸ் விட்டார்கள், மெட்ராஸிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அடி அண்ணாமலைக்காரர்கள் நாங்கள் கொல்லையிலிருந்து நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தது அப்போதுதான். பயிர் வைக்கிற எங்கள் கொல்லை ரோட்டை ஒட்டி இருந்தது. அதன் ஓரத்தில் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரருக்கு அண்ணன், நாலு கழி நட்டுத் தகரம் போட்டார். மாதம் முழுக்கக் கொல்லை வேலை, பௌர்ணமிக்கு பஜ்ஜி, சுக்குக் காப்பி, வேகவைத்த மல்லாட்டை. வெளியூர்க்காரர்கள் அதை வேர்க்கடலை என்பார்கள். எங்கள் கொல்லையில் விளைந்தது, அதனால் எங்கள் பேச்சில் மல்லாட்டைதான்.

மூத்தார் கடைக்கு முன்னால் நிற்பார். அவர் சம்சாரம், என் ஓரகத்தி, அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். நான் வாழைக்காய் சீவுவேன், மாவு கரைப்பேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவருவார், விறகு உடைப்பார், அண்ணன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார். மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஓரகத்தியிடம் சொல்வது போல அவர் காதில் விழும்படி நான் சொல்வேன். அவரும் அவளிடம் சொல்வது போல எனக்குச் சொல்வார். மூன்று பேரும் ஒரே தகரத்துக்குக் கீழேதான் நின்றுகொண்டிருப்போம்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே சுளித்த முகம் என்று சொல்ல மாட்டேன். கடை போட்ட வருஷம்தான் அப்படி ஆனாள். காலையில் எழுந்து பாயில் உட்கார்ந்தபடியே, "இன்னிக்கி நல்லாவே இருக்காது" என்பாள். புதுப் பாவாடையைக் கட்டிவிட்டால், "இது கிழிஞ்சிடும்." கோழி அடைக்கு உட்கார்ந்தால், "ஒண்ணும் பொரியாது." கோழி அவளைப் பார்க்கும், அவள் கோழியைப் பார்ப்பாள், இரண்டும் ஒரே முகமாக இருக்கும். தெருவில் அவளை உம்மணாமூஞ்சி என்றுதான் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்குள் பேசினவரைக்கும் சின்னப் பிள்ளைப் பேச்சு என்று போய்விட்டது. ஆனிப் பௌர்ணமி அன்று கடையில் வந்து பேசினாள். வியாபாரம் பண்ணினவர்களுக்குத் தெரியும், முதல் போணி ஆகும் முன் கடைக்குள் 'இல்லை' என்ற சொல்லே வரக்கூடாது. உப்பு தீர்ந்துவிட்டால்கூட, உப்பு நிறைஞ்சிருக்கு என்றுதான் ஓரகத்தி சொல்லுவாள். அப்படிப்பட்ட இடத்தில் இவள் மாவுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "யாரும் வரமாட்டாங்க. ஒண்ணும் இல்ல. சும்மாதான் நிக்கப்போறீங்க" என்றாள்.

அன்றைக்கென்று பஜ்ஜி போடுகிற பம்ப் ஸ்டவ் அடைத்துக்கொண்டது. ஊசி போட்டுக் குத்தியும் எரியவில்லை. கூட்டம் எங்களைத் தாண்டிப் போய் எட்டத்தில் இருந்த அடுத்த கடையில் நின்றது. அடுத்த மாதம், "எண்ணெ கொட்டிடும்" என்றாள். எங்கிருந்தோ ஒரு நாய் உள்ளே புகுந்து டின்னைச் சாய்த்துவிட்டுப் போனது.

மூத்தார் தன் சம்சாரத்தைப் பார்த்துச் சொன்னார்: "இது பேச்சு இல்ல. புள்ளைக்குக் கரிநாக்கு."

ஓரகத்தி மகளை வெளிச்சத்துக்கு இழுத்துவந்து, "நாக்க நீட்டுடி" என்றாள். நீட்டினாள். கறுப்பாகத்தான் இருந்தது.

"அக்கா, அவ மத்தியானம் பூரா நாவப்பழம் தின்னுக்கிட்டு இருந்தா" என்றேன்.

"நாவப்பழம் நானுந்தான் தின்னேன். என் நாக்கு இப்படியா கீது?" என்று தன் நாக்கை நீட்டினாள். அதுவும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவள் நாக்கை அவள் பார்க்க முடியாதே. மூத்தார் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த பௌர்ணமியிலிருந்து வழி கண்டுபிடித்தார்கள். கடையில் ஒரு கண்ணாடி பாட்டில் நிறையக் கமர்கட்டு இருக்கும். தேங்காயும் வெல்லமும் போட்டுக் கல் மாதிரி உருட்டியது, இப்போது அந்தக் கெட்டியில் யாரும் செய்வதில்லை. வாயில் போட்டால் தாடை ஒட்டிக்கொள்ளும், கரையும் வரை பேச முடியாது. பௌர்ணமி அன்று சாயங்காலம் கடையில் கற்பூரம் காட்டியதும் ஓரகத்தி ஒரு கமர்கட்டை எடுத்து மகள் வாயில் திணிப்பாள். போணி ஆகும் வரை அது வாயில் இருக்க வேண்டும். ஆனதும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிடுவோம், விடிந்த பிறகுதான் கூட்டிவருவோம். பார்க்கிறவர்களுக்குப் பெரியம்மா பிரியமாக மிட்டாய் ஊட்டுவது போலத் தெரியும். மகளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள், எப்படிச் சொல்லுவாள்? கன்னம் ஒரு பக்கம் உப்பிப்போய், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அதோடு நிற்கவில்லை. வந்தவாசியில் என் நாத்தனாருக்குப் பிள்ளை கிடையாது. தீபத்துக்கு முன்னால் மகளை அங்கே அனுப்பிவிடலாம் என்று மூத்தார் பேச்செடுத்தார். ஊர் கொள்ளாத கூட்டம் வருகிற நாள் தீபம். அன்றைக்கு எங்கள் வீட்டு வாய் எதையும் சொல்லிவிடக் கூடாது.

"ஒரு வருசம் இருக்கட்டும்னு சொல்லு. அவங்களுக்கும் ஆசையா இருக்கும்" என்று ஓரகத்தியிடம் சொன்னார்.

ஒரு வருஷம் என்று போன பிள்ளைகள் கல்யாணத்துக்குத்தான் பிறந்த வீடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். உங்களில் சிலர் அப்படிப் போனவர்கள்தானே.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அண்ணன் யோசிச்சித்தான் சொல்லும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க மாடு கன்னு இருக்குது, பாப்பாவுக்குப் பிடிக்கும்" என்றார். பிறகு வெளியே போய் வெகு நேரம் விறகு உடைத்தார். உடைக்க வேண்டிய விறகெல்லாம் காலையிலேயே உடைத்தாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் புத்தகம் வந்தது.

பஜ்ஜி மடிக்கப் பழைய பேப்பர் வேண்டும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ரூம்கள் இருந்தன. அவர்கள் ஊருக்குப் போகும்போது விட்டுச் சென்றதெல்லாம் பேப்பர்காரரிடம் எடைக்குப் போகும். அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து எங்களுக்குப் போடுவார். அந்தத் தடவை கட்டுக்குள் அட்டை கெட்டியாக ஒரு படப் புத்தகம். ஓரகத்தி கடைசிப் பக்கத்திலிருந்து கிழிக்க ஆரம்பித்துவிட்டாள். நாலைந்து தாள் போன பிறகுதான், வழவழவென்று இருக்கிற அந்தத் தாள் எண்ணெயைக் குடிக்காது என்பது தெரிந்தது. பஜ்ஜி அதில் நீந்தியது.

"இன்னாத்துக்கு ஆவும் இது" என்று தூக்கிப் போட்டாள். மகள் எடுத்துக்கொண்டாள்.

புத்தகம் முழுக்க ஒரு மிருகம். உடம்பு சாம்பல் நிறம், மூஞ்சி வெள்ளை, அதில் கண்ணுக்கு மேலே கறுப்புக் கறுப்பாய்ப் பட்டை. சட்டை போட்டிருந்தது. அது என்ன மிருகம் என்று வீட்டில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை.

"பன்னி" என்றார் மூத்தார்.

"பன்னிக்கு ஏதுங்க இவ்ளோ முடி? கரடிக்குட்டி இது" என்றாள் ஓரகத்தி.

என் வீட்டுக்காரர், "மரநாயா இருக்கும்ணா" என்றார். அண்ணன் பேச்சுக்கு அவர் மாற்றுச் சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மகள் சொன்னாள்: "அது உம்மணாமூஞ்சி."

சண்டை அதோடு முடிந்தது. உண்மையிலேயே அது எல்லாப் பக்கத்திலும் உர்ரென்றுதான் இருந்தது. முதல் பக்கத்தில் போர்வைக்குள் படுத்திருக்கும், ஜன்னலுக்கு வெளியே மழை. அடுத்ததில் கஞ்சிக் கிண்ணம் கவிழ்ந்து தரையெல்லாம் ஓடும். அப்புறம் சேற்றில் ஒரு ஷூ மாட்டிக்கொள்ளும், ஒற்றைக் காலில் நிற்கும். எழுத்து எந்த ஊர் எழுத்தோ. பள்ளிக்கூடம் போன என் வீட்டுக்காரருக்கும் புரியவில்லை, போகாத எனக்கும் புரியவில்லை. அந்தப் புத்தகத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் சமம்.

மகள் தினமும் என் மடியில் அதைக் கொண்டுவந்து போட்டு, "படி" என்பாள். நான் என்னத்தைப் படிப்பேன்? "இவனுக்குக் கஞ்சி கொட்டிப்போச்சு" என்பேன். அதோடு முடிந்துவிடும். பக்கத்தைத் திருப்ப மாட்டாள், இன்னும் வேண்டும் என்று உட்கார்ந்திருப்பாள். கதை தெரியாதவள் என்ன செய்வாள், திருப்பிக் கேட்டேன்: "இந்தப் பக்கத்துல வேற என்ன இருக்குது பாரு."

பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். மேசைக்குக் கீழே, கொட்டின கஞ்சியை ஒரு சுண்டெலி நக்கிக்கொண்டிருந்தது. நான்கூடப் பார்க்கவில்லை. அதற்குத் துணி மாதிரி ஏதோ கழுத்தில் கட்டியிருந்தது. பிறகு முதல் பக்கத்துக்குப் போனாள். ஜன்னல் கட்டையில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. சேற்றுப் பக்கத்தில் வாத்துகள். உம்மணாமூஞ்சிக்கு முதுகுப் பக்கம் நீந்துவதால் அவன் பார்க்கவில்லை. படம் போட்டவர் எல்லாப் பக்கத்திலும் எதையோ ஒளித்து வைத்திருந்தார்.

"இவன் பாக்கவே மாட்டேங்கிறான்மா" என்றாள்.

"அவன் கோவமா இருக்கான்ல."

"கோவமா இருந்தா கண்ணு தெரியாதா?"

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

நாங்கள் அதை ஒரு விளையாட்டாக ஆக்கிக்கொண்டோம். இதெல்லாம் செய்தால் பிள்ளை மாறும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் நினைக்கவில்லை. வேலையோடு வேலையாக நடந்தது. ஒரு நாள் பால் சொம்பைத் தட்டிவிட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டே, "போச்சு. இனிமே நம்ம வீட்ல பாலே கெடையாது" என்றாள். அடிக்கக் கையை ஓங்கினவள், என்ன தோன்றியதோ, "இந்தப் பக்கத்துல வேற என்ன இருக்குது?" என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். "பூனை வருது" என்றாள் கடுப்பாக. பூனை வந்துகொண்டுதான் இருந்தது, வாலைத் தூக்கிக்கொண்டு. நாங்கள் இரண்டு பேரும் அது குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கோபம் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். சில நாள் கேட்டால், "வேற ஒண்ணும் இல்ல" என்று ஒரே அடியாகச் சொல்லிவிடுவாள். சரி, இன்றைக்கு அப்படித்தான் என்று விட்டுவிடுவேன். துரத்திக்கொண்டு போய்ச் சிரி சிரி என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

ஐப்பசிப் பௌர்ணமிக்கு முந்தின மத்தியானம் நான் வீட்டு வாசலில் வாழைக்காய் சீவித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் கடலைமாவு டின் மேல் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்திருந்தாள். கிழியாமல் மிஞ்சியதில் கடைசிக்கு முந்தின படம். உம்மணாமூஞ்சி வீட்டுக்கு ஏகப்பட்ட பேர் விருந்துக்கு வந்திருப்பார்கள். முயல், தவளை, தொப்பி போட்ட ஏதோ ஒன்று. அவன் அம்மா பெரிய கெண்டியிலிருந்து எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருப்பாள். அவன் கதவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அந்தப் பக்கத்தை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை, மகள் சீக்கிரம் திருப்பிவிடுவாள். அன்று திருப்பவில்லை.

"இவன் எதுக்கு நிக்கிறான் சொல்லு" என்றேன், கையிலிருந்த வேலையைப் பார்த்தபடி.

"யாரும் வரக்கூடாதுன்னு நிக்கிறான்."

"ஏன், விருந்தாளி வந்தா நல்லதுதானே?"

"கூட்டம் வந்துட்டா அவங்க அம்மாவுக்கு இவனைத் தெரியாதும்மா. பௌர்ணமி வந்தா போயிடுவாங்க. காலையிலதான் வருவாங்க. வந்து தூங்கிடுவாங்க."

படத்தில் பௌர்ணமி ஏது? ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் சீவிக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கமாக வந்த ஓரகத்தி ஒரு சீவலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னாடி இது, கண்ணாடி மாதிரி சீவி வச்சிருக்கே. எண்ணெயா குடிக்கும்" என்றாள். அப்போதுதான் கையைப் பார்த்தேன். 'யாரும் வரமாட்டாங்க' என்று மகள் சொன்னதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவள் சொன்னது நடக்கிறதா என்று வீடே பார்த்துக்கொண்டிருந்தது. ஏன் சொல்கிறாள் என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சாபம் என்று நினைத்தோம். அது வேண்டுதல்.

அன்று சாயங்காலம் மூத்தார் சாப்பிட உட்கார்ந்தபோது நான் கதவோரம் நின்று ஓரகத்தியிடம் சொன்னேன்: "அக்கா, நாளைக்கிப் பூரா பாப்பா என்கூடவே இருக்கட்டும். பக்கத்து வீட்ல வேணாம்."

மூத்தார் ரசத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "போணி ஆவட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லு" என்றார்.

"போணிக்கு முன்னாடியும் இருப்பா. ராத்திரியும் என் பக்கத்துலயே சாக்குல படுத்துக்குவா. வந்தவாசிக்கு அனுப்பறது அப்புறம் பேசிக்கலாம்க்கா."

"கமர்கட்டு வாயில இருக்கும்னா புள்ள இருக்கட்டும்" என்றார் அவர் சம்சாரத்திடம். "வியாபாரம் கெட்டா, வந்தவாசிக்கு அடுத்த வாரமே ஆள் போவும். அதையும் சொல்லிடு."

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். "கேட்டியா?"

"கேட்டுது" என்றேன்.

அந்தப் புத்தகம் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். ரொம்ப வருஷம் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. வீடு இடித்துக் கட்டினபோது எதோடு போனதோ தெரியவில்லை. கிழிந்துபோன கடைசித் தாள்கள் அதற்கு முன்பே பஜ்ஜியோடு மலை சுற்றிவிட்டன. உம்மணாமூஞ்சி கடைசியில் சிரித்தானா இல்லையா என்பது எந்த ஊர்க்காரர் கையில் போய் முடிந்ததோ. கமர்கட்டு பாட்டில் மட்டும் இருக்கிறது. அதில் இப்போது துவரம்பருப்பு போட்டு வைத்திருக்கிறேன்.

அந்தப் பேச்சுக்கு மறுநாள் பௌர்ணமி. ஐப்பசி என்பதால் காலையிலிருந்தே மலை உச்சி கண்ணுக்குத் தெரியவில்லை, மேகம் இறங்கி நின்றது. மூத்தார் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கற்பூரம் காட்டினார். ஓரகத்தி கமர்கட்டை மகள் வாயில் போட்டாள். நான் என் முந்தானை நுனியை மகள் கையில் கொடுத்தேன். என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள், கன்னம் உப்பியிருந்தது, வழக்கம் போல முகம் சுளித்துத்தான் இருந்தது.

ரோட்டில் அப்போதுதான் சனம் சேர்ந்து வந்தது. எண்ணெய் காய்ந்தது. முதல் பஜ்ஜியைப் போடலாம் என்று ஓரகத்தி கையை மாவில் விட்டாள், தகரத்தில் சடசடவென்று சத்தம். மழை. சாதாரண மழை இல்லை, ஐப்பசி மழை. ரோட்டில் நடந்தவர்கள் செருப்பில்லாத காலோடு அப்படியும் இப்படியும் ஓடினார்கள். ஒரு நிமிஷத்தில் ரோடு காலி.

மகள் வாயைத் திறக்கவே இல்லை. அதைக் கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். ஓரகத்தி குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், கமர்கட்டு உள்ளேதான் இருந்தது.

மூத்தார் தலைத்துண்டை எடுத்து உதறினார். "போச்சு. இன்னிக்கி ஒருத்தனும் வரமாட்டான். ஒண்ணும் இல்ல. எண்ணெயும் மாவும்தான் பாழ்."

போணி ஆகவில்லை. கடைக்குள் நின்று அவரே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும், துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

மகள் என் முந்தானையை விட்டாள். எழுந்து போய் பெஞ்சு மேல் ஏறி நின்றாள். கண்ணாடி பாட்டிலுக்குள் கையை விட்டு ஒரு கமர்கட்டு எடுத்தாள். தன் வாயிலிருந்ததை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, குழறிக் குழறிச் சொன்னாள்: "பெரிப்பா, ஆ காட்டுங்க."

"இன்னாது?"

"போணி ஆவற வரைக்கும் பேசக்கூடாது. ஆ காட்டுங்க."

கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது கடைச் சட்டம், யாருக்கும் பொது. மூத்தார் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிற மனுஷன். வாயைத் திறந்தார். அவள் கமர்கட்டை உள்ளே வைத்தாள்.

என் வீட்டுக்காரர் தண்ணீர்க் குடத்தோடு வெளியே போய்விட்டார், மழை என்றும் பார்க்காமல். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

மூத்தாருக்குப் பல் கம்மி. கமர்கட்டு அவர் தாடையை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பெரியப்பாவும் மகளும் கன்னம் உப்பி, புருவம் சுருக்கி, அடுத்தடுத்து நின்று மழையைப் பார்த்தார்கள். ஒரே முகம். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை யார் ஜாடை என்று எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

மழையில் ஒதுங்க அந்தப் பக்கம் எங்கள் தகரத்தை விட்டால் ஒரு புளியமரம்தான். மரம் ஒழுக ஆரம்பித்ததும் அங்கே நின்றவர்கள் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் ஓடிவந்தார்கள். முதலில் வந்தது ஒரு அம்மா, கூடப் பெரிய குடும்பம். புடவையைப் பிழிந்துகொண்டே மூத்தாரைப் பார்த்துக் கேட்டாள்: "ஏண்ணே, சூடா எதனா இருக்குதா? குளுரு தாங்கல."

மூத்தார் வாயைத் திறக்கப் பார்த்தார். வரவில்லை. ம்ம், ம்ம் என்று அடுப்பைக் காட்டினார்.

"ஐயோ பாவம், வாய் பேச வராதா" என்றாள் அந்த அம்மா பக்கத்தில் இருந்தவளிடம். ஓரகத்தி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் தன் கமர்கட்டைத் துப்பிக் கையில் பிடித்துக்கொண்டாள். "பஜ்ஜி இருக்குது" என்றாள்.

"வேற என்ன இருக்குது?" என்று கேட்டாள் அந்த அம்மா.

என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்குத் தெரிந்த கேள்வி. படத்தைப் பார்ப்பது போலக் கடையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சுக்குக் காப்பி இருக்குது. மல்லாட்டை இருக்குது, சூடா. உக்கார பெஞ்சு இருக்குது. மேல ஒழுகாது. தொடைக்கத் துண்டு இருக்குது, பெரிப்பாவோடது. அடுப்பு இருக்குது, கை காட்டிக்கலாம். எங்கம்மா இருக்குது."

அந்த அம்மா சிரித்துவிட்டு, "எல்லாருக்கும் காப்பி குடுங்க" என்றாள். மூத்தார் போணிக் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெரிய வியாபாரம் ஆனது என்று சொல்ல மாட்டேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஒதுங்கினவர்கள் குடித்தார்கள், தின்றார்கள், போனார்கள். மகள் என் காலடியில் சாக்கில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் என்னென்ன இருக்கிறது என்று சொன்னாள். குரலில் கொஞ்சம்கூடச் சிரிப்புக் கிடையாது.

மழை நின்று, மலைக்கு மேல் நிலா தெரிந்த பிறகுதான் மூத்தாருக்கு வாய் திறந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓரகத்தியிடம் சொன்னார்: "வந்தவாசிக்கு யாரும் போவ வேணாம்னு சொல்லு. தீபத்துக்குக் கடையில ஆள் வேணும்."

"கேட்டியா?" என்றாள் ஓரகத்தி.

"கேட்டுது" என்றேன். மகள் மேல் முந்தானையை இழுத்துப் போர்த்தினேன்.

சாக்கில் பாதித் தூக்கத்திலிருந்த மகள் கண்ணைத் திறக்காமலே, "தீபத்துக்கும் மழ வரும்" என்றாள். "எல்லாம் நனைஞ்சிடும்."

ஓரகத்தியின் கை பாட்டில் பக்கம் போனது. மூத்தார் அதற்கு முன்னால் பாட்டிலை எடுத்தார். மூடியை இறுகத் திருகி, எட்டாத உயரத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தார். பிறகு குனிந்து, நடுவில் யாரையும் வைக்காமல், நேராக என் மகளிடமே சொன்னார்.

"வந்தா வரட்டும். இன்னும் ரெண்டு தகரம் சேத்துப் போட்டுக்கலாம்."